இலத்தீன் வேர்முறையும் தொல்காப்பிய உரியியலும்

ஆங்கிலச் சொல்வளம் பெற விழையும் மாணவர்க்கென இலத்தீன் வேர்களையும் முன்னொட்டுகளையும் அட்டவணையாக்கித் தரும் நூல்கள் பலவாகும். ஒரு வேரை அறிந்தான் நூறு சொல்லை அறிந்தான் என்பது அவற்றின் கொள்கை. தமிழ்வழியில் பயின்று திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளில் வந்து சேரும் மாணவர் பலர் இவ்வட்டவணைகளை நெட்டுருச் செய்யக் காண்கின்றோம். அவ்வுழைப்புக்குத் தக்க பயன் விளையுமா என்பதே ஈண்டு எம் ஆராய்ச்சி.

இம்முறைக்கு ஓரளவு வன்மை உண்டு. சுமத்தலைக் குறிக்கும் 'போர்த்தாரே' என்னும் இலத்தீன் வினையை அறிந்தவன் இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் ஆகிய மூன்றையும் மயக்கமின்றி உணர்வான். சப்போர்ட் என்பதும், கீழிருந்து தாங்குதல் என ஒருவாறு எட்டும். ரிப்போர்ட் எட்டுமோ? 'திரும்பச் சுமத்தல்' என்பதைக் கொண்டு 'அறிக்கை' என்னும் பொருளை உய்த்துணர்வார் அரியர். கொணர்தற் பொருளதாகிய 'ஃபெர்ரே' என்னும் வினை இதனினும் இடர் தருவது. வேறுபடுதலைக் குறிக்கும் டிஃபரும் துன்புறுதலைக் குறிக்கும் சஃபரும் அதன் வழித்தோன்றல்களே. மேலும், 'சப்' என்னும் முன்னொட்டு புணர்ச்சியால் 'சஃப்' எனத் திரிந்ததை அட்டவணை நூல்களுட் பல விளக்குவதில்லை. நன்னூற் புணரியல் கற்ற மாணவனுக்கு அதனை விளக்க ஒரு நாழிகையும் வேண்டா!

முன்னொட்டு பிழைபட உணர்த்தலும் உண்டு. 'இன்' என்பது உள் என்றும் இன்மை என்றும் இருபொருள் படும். 'இன்ஃப்ளேமபிள்' என்றால் எளிதில் தீப்பற்றுவது. இன்மைப் பொருள் கொண்டவனோ அதனைத் தீப்பற்றாதது என மயங்குவான். இம்மயக்கத்துக்கு அஞ்சியே எரிபொருள் வண்டிகளிலும் கலங்களிலும் முன்னொட்டு நீங்கிய 'ஃப்ளேமபிள்' என்னும் வடிவம் எழுதப்படலாயிற்று.

இந்நிலை இலத்தீனுக்கு மட்டும் உரியதன்று. திருவரங்கத்தில் நம்பிள்ளை உரைத்த திருவாய்மொழிப் பொருளை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முதலாய மணிப்பிரவாள உரைகளைப் பயில்வார், முன்னொட்டுப் பெற்ற வடசொற்களை ஏராளமாகக் காண்பர். ஆகாரம், பரிகாரம், சங்காரம் ஆகிய மூன்றும் கொண்டுசெல்லுதலைக் குறிக்கும் ஒரே வடமொழி வேரின. எனினும் முறையே உணவும் கழுவாயும் அழிவும் ஆயின. இவற்றை வேர்கொண்டு உணர்ந்தார் எவர்? வழக்குக்கொண்டே உணர்ந்தனர். சொற்பொருளின் காரணம் நோக்கிய அளவில் விளங்குவதன்று எனத் தொல்காப்பியர் உரியியலில் கூறியதும் இது பற்றியே போலும்.

வீரமாமுனிவர் செயலும் நோக்கத்தக்கது. கொள்ளிடத்தின் வடகரையதாகிய ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து பணியாற்றிய அவர் இலத்தீனில் புலமை மிக்கார். தமிழிலக்கணத்தையே அம்மொழியில் எழுதியவர். ஆயினும் 1732இல் சதுரகராதி இயற்றியபோது அவர் வேர்வழி செல்லவில்லை. பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகையாற் சொற்களைத் தந்தார். ஒரு சொல்லின் பல பொருளும், ஒரு பொருளின் பல பெயரும், தொகையாக வழங்குவனவும், எதுகையால் இணைவனவும் அதன்கண் உள. சொல்லை அதன் சுற்றத்தோடு காட்டுவதே அவர் முறை என்க.

அட்டவணை நூல்களின் பெருங்குறை யாது? பயிலாத ஆங்கிலச் சொல்லை அதனினும் பயிலாத இலத்தீன் சொல்லால் விளக்க முயல்வதே. உரியியல் காட்டும் நெறி இதற்கு மறுதலை; பயிலாததைப் பயின்றதனோடு சார்த்தி உணர்த்துக என்பது அது. எம் மாணவர்க்குப் பயின்ற ஆங்கிலச் சொற்கள் இல்லாமல் இல்லை. திருச்சிராப்பள்ளிச் சந்திப்பில் இறங்கிய எவனும் 'போர்ட்டர்' என்னும் சொல்லை அறிவான். சுமப்பவன் அவன், அவனிலிருந்து டிரான்ஸ்போர்ட்டுக்கும் இம்போர்ட்டுக்கும் செல்லுதல் எளிது. அலுவலர் வீட்டுப் பிள்ளை 'டிரான்ஸ்ஃபர்' அறிவான். கடைத்தெருவில் 'ஆஃபர்' அறியாதார் இலர். ஃபெர்ரே என்னும் வினையை இவ்விரண்டின் பின் கூறின் அது மனத்தில் தங்கும். முன் கூறின் தங்காது. இலத்தீன் வேரை ஆசிரியர் அறிந்திருத்தல் நன்று. மாணவனுக்கு அதனைக் கூறும் காலம், அவ்வினத்துச் சொற்கள் நான்கைந்து அவன் வாயில் வழங்கிய பின்னரே.