யார் மனசு புண்பட்டது?

மீஞ்சூரில் எங்கள் தெருப் பையன் ஒருவன், ஒப்பந்தக் கூலி. போன வருசம் ஏப்ரல் 14 அன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வரி வைத்தான். இந்த ஊர் நிலமெல்லாம் யாருடையது என்று கேட்கிற வரி. ராத்திரியே அவன் அம்மா, "எட்த்துட்றா. நாளைக்கு டேசன்ல குந்த வெச்சா யாருடா வந்து கேப்பா?" என்றாள். எடுத்துவிட்டான். அதே வாரம் சேரியைச் சொல்லி ஒரு வசவு கைபேசிக்குக் கைபேசி சுற்றியது. அதை அனுப்பியவன் வீட்டில் யாரும் பயப்படவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பை வாசிக்க வேண்டியிருக்கிறது.

பால் தாக்கரே இறந்தபோது மும்பையில் நடந்த கடையடைப்பைப் பற்றி முகநூலில் எழுதியதற்காக 2012இல் பால்கரில் இரண்டு இளம்பெண்களைக் கைது செய்தார்கள். அதையொட்டி எழுந்த வழக்கு இது. எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. 2015 மார்ச் 24இல் உச்சநீதிமன்றம் அதை முழுசாக ரத்து செய்தது. எரிச்சலுக்கு அளவுகோல் கிடையாது. விவாதிப்பதும் ஒன்றை ஆதரித்துப் பேசுவதும் வேறு, தூண்டிவிடுவது வேறு என்றார்கள் நீதிபதிகள் செலமேஸ்வரும் நரிமனும். நமக்கும் வேண்டிய வாசிப்புதான். ஆனால் அந்தத் தீர்ப்பில் பேசுகிற குடிமகனுக்குத் தெருவும் இல்லை, சாதியும் இல்லை.

எரிச்சல் போயிற்று. பகைமை இருக்கிறது. 1898இல் வெள்ளைக்காரன் சேர்த்த 153ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 196ஆம் பிரிவாகத் தொடர்கிறது, 'மின்னணுத் தொடர்பு' என்பதையும் சேர்த்துக்கொண்டு. பிரிவினர்களுக்கிடையே பகைமை வளர்த்தால் குற்றமாம். மிதிக்கிறவனும் மிதிபடுகிறவனும் அதன் கண்ணுக்குச் சமமான இரண்டு தரப்பு. ராஜராஜ சோழன் காலத்தில்தான் நம் நிலம் பறிபோனது என்று இயக்குநர் பா. இரஞ்சித் 2019 ஜூனில் திருப்பனந்தாளில் பேசினார். மறுப்பிருந்தால் எழுதியிருக்கலாம். இதே 153ஏயில் வழக்குப் போட்டார்கள். பறிகொடுத்தவன் வாய் திறந்தால் பகைமை. பறித்தது மட்டும் பெருமைக்குரிய வரலாறு!

வாயை அடைக்கச் சட்டம்கூட வேண்டியதில்லை. 1936இல் லாகூரின் சாதி ஒழிப்புச் சங்கத்தார் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தார்கள். உரையைப் படித்துப் பார்த்ததும் மாநாட்டையே ரத்து செய்தார்கள். எந்த அரசும் தடை போடவில்லை. அவர் தன் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார்.

இப்போது தோழர்கள் சிலர், இணைய வசவுக்குப் புதுசாக ஒரு கடுமையான சட்டம் வேண்டும் என்கிறார்கள். வசவு வாங்கியவன் என்கிற முறையில் அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் ஒப்பமாட்டேன். செத்துப்போன 66ஏயிலேயே வழக்குகள் ஓடிக்கொண்டிருந்ததால், அதில் யாரையும் விசாரணைக்கு உட்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்சநீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. மொட்டையாக எழுதிய சட்டம் முதலில் குந்த வைப்பது நம்ம பையனைத்தான்.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத ஒருவர், பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பொதுப் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் குற்றம். யார், யாரை, எங்கே என்று மூன்றையும் கேட்கிறது. யூடியூபில் ஒரு பழங்குடிப் பெண்ணை இழிவுபடுத்திய வழக்கில், இணையமும் அப்படிப்பட்ட இடம்தான் என்று 2022இல் கேரள உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நமக்குக் கருவி கையிலேயே இருக்கிறது. அதில் புகாரை வாங்க வைப்பதுதான் பாடு.

பேச்சுக்கு எல்லை வேண்டுமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவை நோக்கிய பேச்சுக்கு?

பையன் அந்த வரியை இன்னும் திரும்ப வைக்கவில்லை.