ஒரு பல் தள்ளியிருந்தது!

மாருதி 800 வைத்திருப்பவர்களே, டைமிங் பெல்ட்டை ஒரு முறையாவது உங்கள் கையாலேயே மாற்றிப் பாருங்கள். அந்த ஆனந்தமே தனி!

1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு, தலைமேல் ஒரே ஒரு கேம்ஷாஃப்ட். இவ்வளவு எளிமையான என்ஜினை வடிவமைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

என்னுடையது கார்புரேட்டர் மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஐட்லிங்கில் உதறும். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி வேலூர் ரோட்டில் மிதித்தாலும் பிக்கப் இருக்காது. பார்த்தவர்கள் எல்லாரும் கார்புரேட்டரைக் கழுவினார்கள், பிளக்கை மாற்றினார்கள். டைமிங் கவரை மட்டும் யாரும் திறக்கவில்லை.

வீட்டு வாசலிலேயே திறந்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றி, ஜாக்கியோடு ஸ்டாண்டும் கொடுத்து, மூன்று பிளக்கையும் எடுத்துவிட்டால் என்ஜின் கைக்கு லேசாகச் சுற்றும். கிராங்க் புல்லியின் குறி கச்சிதமாக நேரில் நின்றது. மேலே டார்ச் அடித்துப் பார்த்தால், கேம் புல்லியின் குறி சரியாக ஒரு பல் பின்தங்கி நின்றது. அகப்பட்டுக்கொண்டது!

ஒரு பல்தானே என்று தோன்றும். கிராங்க் கணக்கில் அது பத்து டிகிரிக்கு மேல். வால்வு திறப்பதும் மூடுவதும் அத்தனை தாமதம். இந்த என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரையும் கேம்ஷாஃப்ட்தான் சுற்றுகிறது. அதனால் ஸ்பார்க்கும் தாமதமாகும். முன்பு யாரோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி ஸ்பார்க்கை மட்டும் நேராக்கி வைத்திருக்கிறார்கள். வால்வின் தாமதம் அப்படியே இருந்திருக்கிறது. இது புரிந்த நிமிடம் எனக்கு உடம்பே சிலிர்த்தது!

புது பெல்ட்டோடு டென்ஷனரையும் மாற்றினேன். பெல்ட்டின் டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும், தொய்வெல்லாம் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். பெரும்பாலும் பல் தப்புவது இங்கேதான். பிறகு ஸ்பானர் போட்டு, ஓடும் திசையிலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று. கிராங்க் இரண்டு சுற்றினால் கேம் ஒன்று சுற்றும், இரண்டு குறியும் மறுபடி நேரில் வந்து நிற்க வேண்டும். வந்து நின்றன, அழகாக! இதைப் பார்க்காமல் செல்ஃப் அடிக்கவே கூடாது. பல என்ஜின்களில் டைமிங் தப்பினால் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். கடைசியாக டைமிங் லைட் வைத்து டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன்.

சாவியைத் திருப்பியதும் உதறலே இல்லை. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் மலை ஏறினேன். என்ன இழுவை, என்ன இழுவை! வண்டி இத்தனை நாள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறெந்தச் செலவுக்கும் முன்னால் டைமிங் கவரைத் திறந்துவிடுங்கள்.