திறந்த நூலும் மூடிய உரிமமும்

பொருளியல் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சந்தையையும் போட்டியையும் முதலில் வைத்தன. மனிதர்கள் கூடிச் செயல்படுவது பற்றிய பேச்சு கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளப்பட்டது. அந்த வரிசையை மாற்றியதுதான், பொருளியல் பாடங்களை இலவசமாக வெளியிடும் கோர் (CORE) அமைப்பின் ‘தி எகானமி’ நூலின் முதல் சாதனை. சாமுவேல் பவுல்ஸ், வெண்டி கார்லின், மார்கரெட் ஸ்டீவன்ஸ் மூவரும் ஒருங்கிணைக்க, பல நாட்டுப் பொருளியலாளர்கள் கூடி எழுதிய இந்நூல் 2017இல் வெளிவந்தது. இணையத்தில் எவரும் காசில்லாமல் படிக்கலாம். மொத்தம் 22 அலகுகள். தேவை, அளிப்பு வளைகோடுகள் எட்டாம் அலகில்தான் வருகின்றன; ஒத்துழைப்பின் சிக்கல்களோ நான்காம் அலகிலேயே வந்துவிடுகின்றன.

இந்த நான்காம் அலகை இரண்டு கேள்விகளால் அளக்க வேண்டும். ஒத்துழைப்பை இது நன்றாகக் கற்பிக்கிறதா? இதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒத்துழைக்க இது இடம் தருகிறதா?

முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் ஆம். அனில், பாலா என்ற இரு விவசாயிகளின் பூச்சிக் கட்டுப்பாட்டுக் கதையில் கைதிகளின் சிக்கல் (தனித்தனி ஆதாயம் தேடினால் இருவருமே இழக்கும் நிலை) எந்த மாணவருக்கும் புரிந்துவிடுகிறது. இருவரும் இரசாயனத்தைத் தவிர்த்தால் தலைக்கு 3. இருவரும் தெளித்தால் தலைக்கு 2. ஒருவர் மட்டும் தெளித்தால் அவருக்கு 4, மற்றவருக்கு 1. அடுத்து வரும் கிம் என்ற விவசாயியின் பாசனக் கணக்கு இன்னும் கூர்மையானது. நான்கு பேர், பங்களிக்க ஒவ்வொருவருக்கும் 10 டாலர் செலவு, ஒருவர் பங்களித்தால் நால்வருக்கும் தலைக்கு 8 டாலர் வரவு. எல்லோரும் பங்களித்தால் தலைக்கு 22 டாலர் மிச்சம். ஆனாலும் மற்றவர்கள் என்ன செய்தாலும், பங்களிக்காமல் இருப்பவருக்கு 2 டாலர் கூடுதலாகக் கிடைக்கிறது. பிறகு ஆய்வுக்கூடச் சோதனைகளும், பொதுவளங்களை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமின் ஆய்வும் வருகின்றன. சூத்திரத்திலிருந்து மனிதர்களின் உண்மையான நடத்தைக்கு மாணவரை நகர்த்தும் இந்த வரிசை நன்கு யோசித்து அமைத்தது.

குறை எங்கே என்றால், கிம்மின் கணக்கில் நால்வரும் சமம். எந்த வாய்க்காலிலும் நால்வர் சமமாக இருப்பதில்லை. தலைமடைக்காரருக்குத் தண்ணீர் முதலில் பாயும். கடைமடைக்கு மிஞ்சியதுதான் வரும். பலனை அதற்கேற்ப மாற்றிப் பார்ப்போம். ஒவ்வொரு பங்களிப்புக்கும் தலைமடையார் இருவருக்குத் தலைக்கு 12, கடைமடையார் இருவருக்குத் தலைக்கு 4. மொத்தம் அதே 32தான். இப்போது தலைமடைக்காரர் யார் தயவுமின்றிப் பங்களிப்பார். 10 போட்டால் அவருக்கே 12 வருகிறது. தலைமடையார் இருவர் மட்டும் உழைத்தால் கடைமடையாருக்குச் செலவில்லாமல் தலைக்கு 8 கிடைக்கிறது. நால்வரும் உழைத்தால் செலவு போகத் தலைமடையாருக்குத் தலைக்கு 38, கடைமடையாருக்குத் தலைக்கு வெறும் 6. அதாவது ஊரே ஒன்றுகூடி உழைப்பது கடைமடையாருக்கு நட்டம். தண்ணீர்ப் பங்கீட்டை மாற்றாமல் அவர்களை மண்வெட்டியோடு வரச் சொல்வது நியாயமில்லை.

‘ஏன் ஒத்துழைக்க மறுக்கிறார்கள்’ என்று தொடங்கிய பாடம், ‘யார் விதித்த பங்கீட்டின்மேல் ஒத்துழைக்கச் சொல்கிறோம்’ என்று திரும்புவது இந்த இடத்தில்தான். ஆதாயம் சமமில்லாத நிலையை நூல் அறவே மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. எந்தக் கணினி மொழியில் எழுதுவது என்று முடிவெடுக்கும் ஆஸ்ட்ரிட், பெட்டினா கதையில் அது பேசப்படுகிறது. ஐந்தாம் அலகு அதிகாரத்தைப் பற்றியே. ஆனால் பாசனம் என்ற உதாரணத்திலேயே அது விடுபட்டது சிறு குறையல்ல.

காவிரிப் பாசனப் பகுதியில் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இந்த அலகின் பத்திகளையும் வரைபடங்களையும் இப்படித் திருத்தி, பக்கத்துக் கல்லூரிக்கும் கொடுக்க விரும்புகிறார் என்று வையுங்கள். இரண்டாம் கேள்வி இங்கே எழுகிறது. 2017 நூலின் உரிமம், கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிம வகைகளில் மிக இறுக்கமானது: வணிகப் பயன்பாடு கூடாது, மாற்றிய வடிவத்தைப் பகிரவும் கூடாது. முழு நூலை நகலெடுத்துக் கொடுக்கலாம். தம் தேவைக்குத் திருத்தி வைத்துக்கொள்ளலாம். திருத்தியதை அனுமதியில்லாமல் இன்னொருவருக்குத் தர முடியாது. மொழிபெயர்ப்புக்கும் இதே தடைதான். கருத்து யாருக்கும் சொந்தமில்லை என்பதால் அந்த ஆசிரியர் முதலிலிருந்து புதிதாக எழுதலாம். ஆனால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதும் வீண்வேலையைத் தவிர்க்கத்தானே பொதுப் பாடப்பொருள்?

கோர் தரப்பில் சொல்லக்கூடிய நியாயம் வலுவானதுதான். ஒன்றோடொன்று பின்னிய எண்களும் வரைபடங்களும் கொண்ட நூலில் அரைகுறைத் திருத்தம் பிழைகளைப் பெருக்கும். அது நூலின் பெயரையும் கெடுக்கும். கோரின் ஒப்புதலோடு பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் நூல் வந்திருக்கிறது. தெற்காசியப் பார்வையிலான பதிப்பும் உண்டு. எனினும் பெயரைக் காக்க இவ்வளவு பெரிய பூட்டு தேவையில்லை. கிரியேட்டிவ் காமன்ஸின் தளர்ந்த உரிமங்களிலேயே, மாற்றம் செய்ததைக் குறிப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது. திருத்திய வடிவத்திலிருந்து தம் பெயரை நீக்கச் சொல்லும் உரிமையும் மூல ஆசிரியருக்கு இருக்கிறது.

நீடித்து நிற்கும் பொதுவளங்களின் இலக்கணமாக ஆஸ்ட்ரம் 1990இல் முன்வைத்த கொள்கைகளில் ஒன்று, விதிகளுக்குக் கட்டுப்படுபவர்கள் அவ்விதிகளை மாற்றுவதில் பங்கேற்க வேண்டும் என்பது. 2007இல் சார்லட் ஹெஸ்ஸுடன் தொகுத்த நூலில் அவர் அறிவையே பொதுவளமாக ஆராய்ந்தார். மேய்ச்சல் நிலம் அளவுக்கு மீறி மேய்ந்தால் அழியும். பாடம் பலர் படிப்பதால் தேயாது, பராமரிப்பார் இல்லாவிட்டால்தான் பழசாகும். அந்தப் பராமரிப்பைச் செய்யக்கூடிய ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை இந்த உரிமம் வாசகர்களாக மட்டுமே நிறுத்திவிடுகிறது.

எதிர்ப்பக்கம், திறந்த உரிமத்தில் வெளிவரும் ஓபன்ஸ்டாக்ஸ் பதிப்பகத்தின் பொருளியல் நூல். திருத்தலாம், கலக்கலாம், பகிரலாம். ஆனால் அங்கே கைதிகளின் சிக்கல் சில பெருநிறுவனங்கள் கூட்டுச் சேரும் அத்தியாயத்திலும் பொதுப்பொருள் பகுதியிலும் தலைகாட்டுவதோடு சரி. ஒத்துழைப்புக்கென்று ஓர் ஒழுங்கான பாடம் இல்லை. திறந்த உரிமம் மட்டுமே நல்ல பாடத்தைத் தந்துவிடாது என்பதற்கு இது சான்று.

ஆகவே என் தீர்ப்பு: ஒத்துழைப்பைக் கற்பிக்க ‘தி எகானமி’யின் நான்காம் அலகைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம், கடைமடைக் கணக்கைச் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். ஆனால் அதை இலவசப் பாடநூல் என்றுதான் சொல்லலாம். பகிர்ந்த பாடப்பொருள் என்று சொல்ல இயலாது. முழு நூலையும் அவிழ்த்துவிடத் தயக்கம் இருந்தால், இந்த ஓர் அலகை மட்டுமாவது, திருத்தியவர் அதே உரிமத்தில் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கோர் வெளியிடட்டும். ஒத்துழைப்பு விதிகளால் வளர்கிறது என்று கற்பிப்பவர்கள், அந்த விதியைத் தங்கள் நூலுக்கே எழுதிக்கொள்ள வேண்டும்.