சாத்தான் ஓதும் வேதமும் வராத கடிதங்களும்

விளிம்பின் குரலில் கதையைச் சொல்லிவிட்டாலே அது கலகப் பிரதியாகிவிடும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்கத் தோதான இடம் கிறித்தவப் புனைகதை. அங்கே கடைசி விளிம்பில் நிற்பவன் வீழ்ந்த தேவதூதன். அவனையே பேசவைத்த பிரதி சி.எஸ். லூயிஸின் 'ஸ்க்ரூடேப் கடிதங்கள்'. 1941இல் ஆங்கிலிக்கன் வார இதழொன்றில் தொடராக வந்து 1942இல் நூலானது. ஒரு மனிதனைக் கெடுக்க அனுப்பப்பட்ட இளம் பிசாசு வோர்ம்வுட்டுக்கு, அதிகாரியான ஸ்க்ரூடேப் எழுதும் 31 கடிதங்கள். (உறவுமுறை 'அங்கிள்'. மாமனா சித்தப்பனா என்று ஆங்கிலம் சொல்லாது. மாமன் என்றே வைத்துக்கொள்வோம்.) இதில் கடவுள் 'எதிரி', மனிதன் 'நோயாளி'.

லூயிஸுக்கு முன்னால் மில்டன் இருக்கிறார். 1667இல் வெளிவந்த 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தின் சாத்தானைக் கலகக்காரனாக வாசித்தார்கள் பிளேக்கும் ஷெல்லியும். அந்த வாசிப்பை எதிர்த்து, அதே 1942இல், மில்டனின் காவியத்துக்கு ஒரு முன்னுரை நூலையே எழுதினார் லூயிஸ். விமர்சனத்தில் செய்த காரியத்தைத்தான் புனைவிலும் செய்தார் என்பது என் வாசிப்பு. சாத்தானின் கையிலிருந்த வாளைப் பிடுங்கிவிட்டுக் கோப்பைக் கொடுத்தார். கலகக்காரன் குமாஸ்தா ஆனான்.

இந்தக் கதையாடல் எப்படி இயங்குகிறது? ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசகன் தலைகீழாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். பிசாசு பழிப்பது நல்லது, மெச்சுவது கெட்டது. எது நேர் எது தலைகீழ் என்பதில் எழுதுபவனுக்கும் வாசிப்பவனுக்கும் முன்கூட்டியே உடன்பாடு இருந்தால்தான் இந்த விளையாட்டே நடக்கும். ஆக, கோணம் மாறியதே ஒழிய மையம் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. சாத்தான் வேதம் ஓதுகிறது என்போமே, இங்கே வேதம்தான் சாத்தானை ஓதவைக்கிறது. மற்றமையின் குரல் என்று நாம் கேட்பது மையத்தின் இரவல் குரல்.

சரி, மையம் தன் சொந்தக் குரலிலேயே பேசியிருக்கலாமே? 1961 பதிப்பின் முன்னுரையில் லூயிஸே இதற்கு விடை தருகிறார். காவல் தூதனுக்கு ஒரு தலைமைத் தூதன் எழுதும் கடிதங்களையும் சேர்த்திருந்தால்தான் சமனாகியிருக்கும். அது தன்னால் ஆகாது என்கிறார். அடக்கத்தோடு சொன்னதுதான். ஆனாலும் தன்னைச் சொல்லிக்கொள்ள மையத்துக்கு எதிரியின் வாய் தேவைப்பட்டிருக்கிறது.

பிரதி ஆசிரியனை மீறிப் பேசும் இடமும் உண்டு. இந்த நரகத்தில் ரகசியப் போலீஸ் இருக்கிறது. வேலையில் சொதப்பும் பிசாசுகளுக்குத் திருத்தகம் இருக்கிறது. மருமகன் மாமனையே போட்டுக் கொடுக்கிறான். கடைசியில் நோயாளி விமானக் குண்டுவீச்சில் செத்துச் சொர்க்கம் போகிறான். தோற்ற வோர்ம்வுட் மாமனுக்கு இரையாகப் போகிறான். இவ்வளவு நடந்தும் வோர்ம்வுட் எழுதிய ஒரு கடிதம்கூட நமக்குக் கிடைப்பதில்லை. அவன் என்ன எழுதினான் என்பதை மேலதிகாரியின் பதிலிலிருந்துதான் ஊகித்துக்கொள்ள வேண்டும். விளிம்புக்குள்ளும் ஒரு விளிம்பு இருக்கிறது, அதற்குப் பேச்சு கிடையாது.

இயக்கங்களில் இருப்பவர்கள் 23ஆம் கடிதத்தை அவசியம் படிக்க வேண்டும். சமூக நீதியைக் கடவுள் கோருகிறார் என்பதைப் பிசாசே ஒப்புக்கொள்கிறது. அதன் தந்திரம் வேறு: சமூக நீதிக்கு உதவும் என்பதற்காகவே மனிதர்கள் கிறித்தவத்தை மதிக்கும்படி செய்துவிட வேண்டும். விசுவாசத்தைக் கருவியாக்காதே என்ற எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. விசுவாசத்தைக் கருவியாக்கி நாற்காலி பிடித்தவர்களை நாம் பார்க்காததா? ஆனால் முதலில் விசுவாசம், பிறகுதான் நீதி என்று வரிசை போடுவது யார்? பசித்தவனுக்கு நீதி இரண்டாம் பந்தி இல்லை. அவனுடைய கேள்வியையும் பிசாசின் வாயில் போட்டுவிட்டால், அப்புறம் அவன் வாய் திறந்தாலே பிசாசு பேசுவதாகத்தானே கேட்கும்?

எனவே ஒரு பிரதி யார் கோணத்தில் சொல்லப்படுகிறது என்று பார்ப்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. குரலை இரவல் கொடுத்தது யார், யாருடைய கடிதங்கள் வந்துசேரவே இல்லை என்றும் கேட்க வேண்டும். வோர்ம்வுட்டின் 31 கடிதங்களை யாராவது எழுதட்டும். அவன் நல்லவனாக இருக்க வேண்டுமென்ற கட்டாயம்கூட இல்லை.