தரையில் விரியும் ஊரைப் பார்ப்பது எப்படி?

திண்டுக்கல் மாவட்டத்தில் நத்தம் பக்கமோ வேடசந்தூர் பக்கமோ போகும்போது, ஊர் மந்தையில் பெருக்கித் தண்ணீர் தெளித்த தரையில் ஆட்கள் குனிந்து கோலமாவும் வண்ணப்பொடியுமாக ஏதோ வரைந்துகொண்டிருந்தால் வண்டியை நிறுத்துங்கள். அது கோலப்போட்டி இல்லை. ஊர்க்காரர்கள் தங்கள் ஊரையே வரைகிறார்கள். செங்கல்பொடியில் தெரு, சாம்பலில் வண்டிப்பாதை, நீலப்பொடியில் குளம். வேப்பங்கொப்பை ஊன்றினால் அது தோப்பு. புளியங்கொட்டை வைத்த இடமெல்லாம் வீடு.

அலுவலர்கள் இதைப் பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்பார்கள். வேளாண் கல்லூரிப் பிள்ளைகளுக்கு பி.ஆர்.ஏ. இங்கிலாந்தின் சசெக்ஸில் பணியாற்றிய ராபர்ட் சேம்பர்ஸும், பெங்களூருவைச் சேர்ந்த மைராடா தொண்டு நிறுவனமும் 1980களின் இறுதியில் இதை இந்தியக் கிராமங்களில் வளர்த்தெடுத்தார்கள். தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியுடன் 2005இல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்திலும் இது முக்கியமான இடம் பெற்றது. எந்த வீடு மிகவும் ஏழை என்பதை ஊராரே கூடிக் கண்டறியும் மக்கள் நிலை ஆய்வுக்குத் தரையில் வரைந்த படம்தான் தொடக்கம். அதிலிருந்து வந்த பட்டியல் கிராம சபையில் ஒப்புதல் பெற வேண்டும்.

திட்டக் கோப்புக்குள் இதை ஒரு வேலையாக மட்டும் பார்க்கிறார்கள். நான் இதைப் பொதுக்கலை என்றே சொல்வேன். 2020இல் சென்னை கண்ணகி நகரில் அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்த பெரிய ஓவியங்களை நிமிர்ந்து பார்த்து வியக்கிறோம், அந்த வியப்பு நியாயமானதே. ஆனால் மந்தைத் தரையில் இருக்கும் படத்தைப் பார்க்க வந்தவரே குனிந்து திருத்தலாம். இதன் அழகு அந்தத் திருத்தலில் இருக்கிறது.

ஆகவே படம் முடிந்தபின் போகாதீர்கள், முதல் கோட்டுக்கு முன்பே போய் நில்லுங்கள். எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் கோயில், இல்லையென்றால் பஸ் ஸ்டாப். அடுத்து எந்தத் தெரு வருகிறது, காலனி எப்போது வருகிறது, எவ்வளவு இடம் பிடிக்கிறது? நூறு வீடுள்ள காலனி ஓரத்தில் ஒரு சின்ன வட்டமாக ஒடுங்கிப்போவதும் உண்டு. அந்த ஊரைப் பற்றி எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாததை அந்த வட்டம் சொல்லிவிடும். காலனியிலிருந்து ஒருவர் முன்னால் வந்து, பொடியை வாங்கி, வட்டத்தைக் காலால் கலைத்துவிட்டுத் தெருத்தெருவாகப் போடத் தொடங்கினால், அன்றைய படத்தின் உச்சம் அதுதான்.

பொடி யார் கையில் இருக்கிறது என்பதை விடாமல் கவனியுங்கள். குச்சியை ஊராரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கு என்பது இந்த முறையின் முதல் பாடம். ஆண்கள் வரைந்தால் சாலை, வயல், டீக்கடை பளிச்சென்று வரும். பெண்கள் தனியாக வரையும்போது குழாயடி, ரேஷன் கடை, விளக்கில்லாத பாதை, கழிப்பிடம் என்று வேறொரு ஊர் எழும்பும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்லிப் பாருங்கள். கோலமாவு பிடித்துப் பழகிய விரல்கள் இங்கே கூச்சப்படுவதில்லை. மைக் முன்னால் பேசாத அக்காக்கள் தரையில் சரளமாகப் பேசுவார்கள்.

திண்டுக்கல் நகரையொட்டிய ஊர்களில் கிணறுகளைத் தேடுங்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போன பகுதி இது. எந்தக் கிணற்றுத் தண்ணீர் எப்போது உப்பானது என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். ஒருவர் கூழாங்கல் வைப்பார், இன்னொருவர் "அது இல்லப்பா, அதுக்கு மேற்கால உள்ளது" என்று நகர்த்துவார். அந்தச் சச்சரவை அவசரப்பட்டு முடித்து வைக்காதீர்கள். குடகனாற்றை ஒட்டிய ஊர் என்றால், ஆற்றில் தண்ணீர் எத்தனை மாதம் ஓடியது என்று கேட்டு மாதத்துக்கு இத்தனை கொட்டை என்று வைக்கச் சொல்லுங்கள். படம் பருவகால நாட்காட்டியாக வளர்ந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது சப்பாத்தி வரைபடம். வட்டமாக வெட்டிய அட்டைகளில் ஒவ்வொன்றும் ஓர் அலுவலகம்: ஆரம்ப சுகாதார நிலையம், வங்கி, வி.ஏ.ஓ. அலுவலகம், கூட்டுறவுச் சங்கம். எது முக்கியமோ அதற்குப் பெரிய வட்டம், எது எட்டாததோ அது ஊரிலிருந்து தள்ளி. பெரிய வட்டம் ஒன்று மந்தையின் கோடிக்குப் போய்விட்டால், அந்த ஊரின் அடுத்த மனுவை நீங்கள் படித்துவிட்டீர்கள்.

போலியும் உண்டு. கோடுகள் நேர்த்தியாக இருக்கும், எழுத்துகள் ஒரே அளவில் இருக்கும், பேனர் கட்டியிருக்கும், வரைந்தவர்கள் மாணவர்களாக மட்டும் இருப்பார்கள். ஊர்க்காரர்கள் போட்டோவுக்கு நிற்பார்கள். அழித்த தடம் ஒன்றுகூட இல்லாத படத்தை நான் நம்புவதில்லை. மதிப்பெண்ணுக்காக வந்த பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை; அவர்களும் பொடியைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றால் அருமையாகக் கற்றுக்கொள்வார்கள்.

பொழுது சாய்வதற்குள் படத்தை ஒரு சார்ட்டில் பெயர்த்து எழுதுவார்கள். தரையில் வரைந்தது காற்றிலும் ஆட்டுக்குட்டிகளின் காலிலும் போய்விடும், அதில் வருத்தமில்லை. ஆனால் அந்த சார்ட்டின் ஒரு பிரதி ஊராட்சி அலுவலகச் சுவரில் இருக்கிறதா என்று கேளுங்கள். வந்தவர்கள் சுருட்டி எடுத்துப் போய்விட்டால் ஊர் தன் படத்தை இழந்துவிடுகிறது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் ஊராட்சிகளில் கிராம சபை கூட வேண்டும். திண்டுக்கல் மாநகராட்சியின் 48 வார்டுகளில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு முந்தைய மாலை உங்கள் தெருமுனையைப் பெருக்கி, இரண்டு பாக்கெட் கோலமாவை வைத்துவிட்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுங்கள். முதல் கோட்டை மட்டும் நீங்கள் போடாதீர்கள்.