சுட்டும் விரலும் பெயரற்ற உடலும்: ஓட்டோ டிக்ஸின் ‘போர்’

கார்ல் பார்த்தின் எழுதுமேசைக்கு மேலே, குரூனவால்டு தீட்டிய சிலுவைக்காட்சியின் படியொன்று தொங்கியதை இறையியல் மாணவர் அறிவர். அதில் யோவான் ஸ்நானகனின் நீண்ட விரல் சிலுவையில் அறையுண்டவரைச் சுட்டுகிறது. சாட்சி பகர்வோனின் பணிக்கு அவ்விரலையே பார்த் அடையாளமாகக் கண்டார். அவர் காலத்து ஜெர்மனியில் மற்றொருவரும் அவ்விரலை வரைந்தார். அவரே ஓட்டோ டிக்ஸ் (1891–1969).

முதல் உலகப்போரில் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் பணிபுரிந்த டிக்ஸ், 1924-இல் ‘போர்’ எனும் 50 செதுக்கு அச்சுப்படங்களின் தொகுதியை வெளியிட்டார். 1927-இல் டிரெஸ்டன் கலைக்கழகப் பேராசிரியரானார். அங்குக் கற்பித்த காலத்திலேயே, 1929 முதல் 1932 வரை, அதே பெயரில் ஒரு பேரோவியத்தைத் தீட்டினார். பண்டைய ஜெர்மன் ஆலயங்களின் பலிபீடப் படங்களைப் போல் மூன்று மரப்பலகைகளும் ஓர் அடிப்பலகையும் கொண்டது அது.

இடப்பலகையில் வீரர் போர்முனைக்கு நடக்கின்றனர். நடுவில் பாழ்நிலம், அதன்மேல் தொங்கும் எலும்புக்கூடு விரல் நீட்டுகிறது. அது நீட்டும் பக்கத்தில், குண்டுகள் துளைத்த கால்களோடு ஓர் உடல் தலைகீழாய்க் கிடக்கிறது. வலப்பலகையில் ஒருவன் காயமுற்ற தோழனை இழுத்து வருகிறான். அவன் முகம் டிக்ஸின் முகமே. அடிப்பலகையில், கல்லறை போன்ற குழியில் சிலர் படுத்துள்ளனர். உறங்குகின்றனரோ மரித்தனரோ அறியோம்.

நீட்சேயை விரும்பிப் படித்தவரின் இப்படைப்பில் உயிர்த்தெழுதலுக்கு இடமில்லை. ஆகவே இதனை அவிசுவாசம் என ஒதுக்கிவிடலாமா? 1914-இல் ஜெர்மனியின் போர்ச்செயல்களை ஆதரித்து 93 அறிஞர் விடுத்த அறிக்கையில், பார்த்தின் ஆசிரியர்களான ஹார்னாக்கும் ஹெர்மனும் ஒப்பமிட்டனர். கிறிஸ்துவின் நாமத்தை நன்கறிந்தவர்கள் போரில் சிதையும் உடலைக் காணத் தவறினர். அந்நாமத்தை உரைக்காத டிக்ஸ் அவ்வுடலைக் கண்டார். மிகச் சிறியவரான சகோதரரில் தம்மைக் காணச் சொன்ன ஆண்டவரின் முன்னிலையில், இவர்களுள் எவருடைய குருட்டுத்தன்மை பெரிது?

ஆட்சியாளர் அவ்விரலின் பொருளை விரைவில் உணர்ந்தனர். 1933 ஏப்ரலில் டிக்ஸ் பதவி நீக்கப்பட்டார். அவர் படங்கள் ஒழுக்கவுணர்வைப் புண்படுத்துவதாகவும், மக்களின் போர் மனவுறுதியைக் குலைப்பதாகவும் குற்றஞ்சாட்டப்பட்டது. 1937-இல் அவருடைய படைப்புகள் ‘சீரழிந்த கலை’ எனப் பழிக்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. பார்த்தும் 1935-இல் பான் நகரப் பேராசிரியர் பதவியை இழந்தார்.

எனினும் இவ்வோவியத்தில் ஒரு பெருங்குறை உண்டு. போர் இங்கே பருவகாலம்போல் வந்து சுழல்கிறது. அதை மூட்டியோர் எவரும் படத்தில் இல்லை. பாவத்தின் விளைவைக் காண்கிறோம், பாவியைக் காணோம். ஆதலால் மனந்திரும்புதலுக்கும் வழி பிறக்கவில்லை. தோழனை இழுத்துவரும் அந்த ஒருவனின் அன்பு மட்டுமே எஞ்சுகிறது.

எஞ்சியதைச் சொல்வது நம் கடன். ஆயினும் உயிர்ப்பு ஞாயிறன்று பிரசங்க பீடம் ஏறுமுன், அந்த அடிப்பலகையின் அருகே நாம் சற்று நிற்க வேண்டும். அங்குக் கிடப்போரைக் காணாமல் அறிவிக்கும் உயிர்ப்பை, அவர்களுடைய தாய்மார் எங்ஙனம் நம்புவர்?