சிரிப்பு யார் பக்கம்?

ருஷ்யத் திறனாய்வாளர் மிகயில் பக்தின், பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் ரபலேயைப் பற்றி எழுதிய நூலின் அடித்தளம் ஒரே ஒரு பிரிவினைதான். இடைக்கால ஐரோப்பாவில் திருச்சபையும் அரசும் நடத்திய, முகம் இறுகிய வாழ்க்கை ஒன்று இருந்தது. சந்தைத் திடலிலும் கார்னிவலிலும் மக்கள் வாழ்ந்த சிரிப்பு வாழ்க்கை இன்னொன்று. தவக்காலத்துக்கு முந்தைய நாள்களில் கோமாளிக்கு முடிசூட்டினார்கள், பிறகு அவனையே அடித்து விரட்டினார்கள், பூசை மந்திரத்தைக் குடிப்பாட்டாக மாற்றிப் பாடினார்கள். அந்தச் சிரிப்பு சாவின் பயத்தையும் நரகத்தின் பயத்தையும் வென்றது. மேலே இருப்பவர்களால் அதை ஒருபோதும் தங்கள் கருவியாக்க முடியவில்லை. இப்படிச் சொல்கிறார் பக்தின். 1965இல் ருஷ்ய மொழியிலும் 1968இல் ஆங்கிலத்திலும் நூல் வந்த பிறகு, எந்தக் கதையில் யார் சிரித்தாலும் அதைக் கலகம் என்று அறிவித்துவிடும் திறனாய்வு ஒன்று கிளம்பியது. நம் சிறுபத்திரிகைகளும் அதற்குத் தப்பவில்லை.

பலத்திலிருந்து தொடங்குவோம். ரபலேயை எப்படிப் படிப்பது என்று பக்தின் சொல்லித் தந்ததை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை. ரபலேயின் அரக்க நாயகன் கார்கான்துவா பாரிஸ் மக்கள்மேல் சிறுநீர் கழித்து 2,60,418 பேரை மூழ்கடிக்கிறான்; பெண்களும் குழந்தைகளும் அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. அவனுடைய தாய் அளவுக்கு மீறிக் குடல்கறி தின்றதால் பிள்ளை காது வழியே பிறக்கிறான். கதைசொல்லி, கார்கான்துவாவின் மகன் பான்தக்ருயேலின் வாய்க்குள் நடந்துபோனால் அங்கே ஒருவன் முட்டைக்கோஸ் நட்டுக்கொண்டிருக்கிறான். பிற்காலப் படிப்பாளிகள் இவற்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். தின்பது, கழிப்பது, பெறுவது, சாவது எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று திறந்துகிடக்கும் உடல் ஒன்றை ரபலே எழுதினார் என்றும், ஆபாசம் என்று ஒதுக்கியது உண்மையில் ஒரு முழுமையான உலகப் பார்வை என்றும் பக்தின் காட்டினார். திட்டும் சொல்லே வாழ்த்தும் சொல்லாக இருக்கும் சந்தைமொழியின் இரட்டைத்தன்மையையும் அவரே கண்டுசொன்னார்.

ஆனால் அந்த இரட்டைத்தன்மை எல்லா இடத்திலும் செல்லுபடியாகிறதா? பான்தக்ருயேலின் தோழன் பனூர்ஜை ஒரு பாரிஸ் சீமாட்டி மறுத்துவிடுகிறாள். நற்கருணைத் திருவிழா அன்று அவளது உடையில் அவன் பெட்டை நாயின் வாடை பூசிவிட, ஊர் நாய்களெல்லாம் அவள்மேல் சிறுநீர் கழிக்கின்றன. பக்தின் இதைத் திருவிழா ஊர்வலத்தின் பகடியாக ரசிக்கிறார். திறனாய்வாளர் வேய்ன் பூத் 1982இல் எழுப்பிய கேள்வி எளியது: இங்கே யாரோடு சேர்ந்து யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? அந்தப் பெண்ணுக்குப் புத்துயிர் தரும் சிரிப்பு எதுவும் கதையில் இல்லை. கார்னிவலில் எல்லோரும் சமம் என்ற வாக்குறுதி அவளிடம் முறிந்துபோகிறது.

கதையை விட்டுத் தெருவுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். ரோம் கார்னிவலில் 1466 முதல் யூதர்களை ஓட்டப்பந்தயம் ஓடவைத்தார்கள், கூட்டம் பார்த்துச் சிரித்தது. அந்த ஏற்பாட்டைத் தொடங்கியவர் போப் இரண்டாம் பவுல். 1668இல் அது நின்றபோதும் யூதர்கள் அதற்கு ஈடாக வரி கட்ட வேண்டியிருந்தது. மறுமணம் செய்த கைம்பெண்ணையும் மனைவிக்கு அடங்கியவனையும் தகரம் தட்டி அவமானப்படுத்திய இளைஞர் கூட்டங்களைப் பற்றி வரலாற்றாசிரியர் நடாலி ஸீமன் டேவிஸ் எழுதியிருக்கிறார். அவர்கள் தலைகீழாக்கியது எதையும் இல்லை, ஊர் ஒழுங்கைக் காவல் காத்தார்கள். பக்தினின் சொந்த நாட்டிலேயே பேரரசர் பீட்டர், தம் பழைய ஆசிரியர் நிகிதா ஸோதோவைப் போலிப் போப்பாக்கி, குடிகாரர்களின் திருச்சபை ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தினார். அந்தக் கூத்தில் சிரிக்காமல் இருக்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. அதிகாரம் சிரிக்காது என்பது பக்தினின் விருப்பம்; அதை வரலாறாக ஏற்க முடியாது.

பக்தினை மறுக்கும் எதிர்த்தரப்பின் விடை தயாராகவே இருந்தது. கார்னிவல் ஆட்சியாளர்கள் அனுமதித்த கலகம், ஒரு நாள் ஆடவிட்டு மறுநாள் அடக்கிவைப்பதற்கான வழி என்று உம்பர்த்தோ எக்கோவும் டெர்ரி ஈகிள்டனும் எழுதினார்கள். மானிடவியலாளர் மாக்ஸ் க்ளக்மன் ஆப்பிரிக்கச் சடங்குகளை வைத்து முன்பே சொன்னது இதுதான். இதற்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் இழுப்பது பாரிஸ் இறையியல் துறையின் 1445ஆம் ஆண்டுக் கடிதம். தேவாலயங்களில் நடந்த கோமாளித் திருநாளை ஆதரிப்பவர்கள் சொன்னதாக அது ஒரு வாதத்தைத் தருகிறது: அவ்வப்போது திறந்து காற்று விடாவிட்டால் திராட்சை மதுப் பீப்பாய் வெடித்துவிடும். கடிதமோ அந்தத் திருநாளை ஒழிக்கச் சொல்லி எழுதப்பட்டது. எதிராளியின் வாயில் வைத்த வாதத்தை ஆட்சியாளர்களின் உள்நோக்கம் என்று எடுத்துக்கொள்வது என்ன வகை ஆராய்ச்சி? தவிர, அந்தத் திருநாளைக் கொண்டாடியவர்கள் கோவிலுக்குள் இருந்த துணைத் திருத்தொண்டர்களே. அது பெரும்பாலும் ஒழுங்கான வழிபாடாகத்தான் இருந்தது என்கிறார் ஆய்வாளர் மாக்ஸ் ஹாரிஸ். திருச்சபை ஒரு பக்கம், சிரிக்கும் மக்கள் மறுபக்கம் என்ற பக்தினின் கோடு அங்கேயும் அழிகிறது.

ஆபத்தில்லாத விளையாட்டு என்றால் ஏன் தடை செய்தார்கள் என்பதற்கும் எக்கோ தரப்பிடம் பதில் இல்லை. நியூரம்பர்கின் கார்னிவல் ஊர்வலமான ஷெம்பார்ட் ஓட்டம், 1348-49 கிளர்ச்சியில் சேராத இறைச்சிக் கடைக்காரர்களுக்கு நகரமன்றம் தந்த பரிசு என்று மரபுவழிக் கதை சொல்கிறது. விசுவாசத்துக்குக் கிடைத்த அதே கொண்டாட்டம் 1539இல் லூத்தரன் போதகர் ஓசியாண்டரைப் பகடி செய்தது. அத்தோடு மன்றம் அதை நிறுத்தியது. டிஜோனில் 1630இல் திராட்சைத் தொழிலாளர்கள் வரிக்கு எதிராகக் கிளம்பிய பிறகு, 'பைத்தியத் தாய்' கோமாளிக் கழகத்தைப் பதின்மூன்றாம் லூயி கலைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் 1580 பிப்ரவரியில் பிரான்சின் ரொமான் நகரத்துக்குப் போக வேண்டும். வரலாற்றாசிரியர் எம்மானுவேல் லெ ரோய் லதுரி 1979இல் அங்கு நடந்ததைத் தனி நூலாக எழுதினார். டோஃபினே மாகாணத்தில் பிரபுக்களுக்கு வரிவிலக்கு, பாரம் முழுதும் மற்றவர்மேல். முந்தைய ஆண்டே கைவினைஞர்கள் துணி வணிகர் போமியேயைத் தலைவராகத் தேர்ந்திருந்தார்கள். கார்னிவலில் அவர்கள் ஆடு, முயல், காயடித்த சேவல் என்று விலங்குப் பெயர்களில் அணிவகுத்து, துடைப்பமும் வாளும் ஏந்தி ஆடினார்கள். பணக்காரர்களுக்கும் சேவல், கழுகு, கௌதாரி அணிகள் இருந்தன. நல்ல கறியை மலிவாகவும் வைக்கோலையும் அழுகிய மீனையும் விலை உயர்த்தியும் ஒரு தலைகீழ் விலைப்பட்டியலைக் கேலியாக வெளியிட்டது பணக்காரர் தரப்பு! தலைகீழ் உலகம் ஏழைகளின் தனிச்சொத்து என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். இறுதியில் நீதிபதி கெரானின் ஆட்கள் கொண்டாட்ட இரவிலேயே பாய்ந்து போமியேயைக் கொன்றார்கள். செத்தவனின் உருவப்பொம்மையைத் தலைகீழாகத் தூக்கிலிடத் தீர்ப்பாயிற்று. கார்னிவலின் கடைசி வேடத்தையும் நீதிமன்றமே போட்டது. கைவினைஞர்கள் மனித இறைச்சி விற்கப்போவதாக மிரட்டினார்கள் என்ற செய்தியும் கெரான் தரப்பு அறிக்கையில்தான் இருக்கிறது. அக்கால நோட்டரி பியேமோனின் குறிப்புகள் வேறு தொனியில் பேசுகின்றன.

ஆக, வடிகால் என்று சொல்பவர்களுக்கு ரொமானில் வடிந்தது ரத்தம். விடுதலை என்று சொல்பவர்களுக்கு, வேடம் கட்டியே கொன்றவர்கள் ஜெயித்தார்கள். ஊரில் ஏற்கெனவே வழக்கு இருந்தால் கார்னிவல் அதற்குக் கூட்டமும் பாவனையும் முகமூடியும் தருகிறது, இரு தரப்புக்குமே. வழக்கு இல்லாத ஊரில் யூதனையும் கைம்பெண்ணையும் தேடிப் பிடிக்கிறது.

பக்தினுக்காக ஒரு சமாதானம் சொல்வதுண்டு. தொலைதூர ஊருக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டவர், கால் இழந்தவர், ஸ்டாலின் காலத்தில் எழுதினார்; 1946இல் ஆய்வேட்டுக்கு வாதாடியும் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது; 'மக்களின் சிரிப்பு' அந்த ஆட்சிக்கு எதிரான மறைமொழி என்கிறார்கள். இருக்கலாம். அது ஆசிரியரின் துணிவுக்குச் சான்று, பதினாறாம் நூற்றாண்டைப் பற்றிய சான்று ஆகாது. ரபலேயே துறவியாக இருந்தவர், மருத்துவர், கிரேக்கம் கற்றவர். கர்தினால் டு பெல்லேயின் நிழலில், அரச அனுமதியோடு அச்சேறியவர். அவரது பகடியில் பாதி, லத்தீனும் சட்டமும் தெரிந்தவனுக்கே விளங்கும்.

சந்தைமொழி, விருந்து, விகார உடல் பற்றிய மூன்று அதிகாரங்களை ரபலே வாசகர் யாரும் தவறவிடக் கூடாது. சிரிப்பின் வரலாறு என்று தொடங்கும் முதல் அதிகாரத்தையும் திருவிழா வடிவங்கள் பற்றிய மூன்றாவதையும் லதுரியையும் டேவிஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம். அவற்றைத் தனியே மேற்கோள் காட்டி ஒரு நாவலைக் கலகம் என்று நிறுவ முயலும் கட்டுரையில், சிரிப்புக்கு ஆளானவர் யார் என்று முதலில் கேட்டாக வேண்டும்.